மடிப்பக்காவுக்கு வந்த கார்டு

மத்தியானச் சாப்பாட்டு நேரம் முடிந்து, பெரிய ஆஸ்பத்திரியின் பின்வாசலில் ஆள் நடமாட்டம் குறைந்திருந்தபோது கார்டுக்காரம்மா வந்து சேர்ந்தாள். தோளில் துணிப்பை, பைக்குள் மரப்பெட்டி, பெட்டிக்குள் கார்டுக் கட்டு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு யாரையும் தேடிப் போகிற வழக்கம் அவளுக்கு இல்லை. வேண்டுமென்றால் அவர்கள் வருவார்கள். ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால் இருக்கும் அவளுடைய ஒற்றை அறைக்கு வெளியே, பிளாஸ்டிக் நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்து காத்திருப்பார்கள். இன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டு அனுப்பியதும் அவளே கிளம்பி வந்ததற்குக் காரணம், வரமாட்டேன் என்று சொன்னால் ஏன் என்று யாராவது கேட்டுவிடுவார்கள் என்பதுதான். அந்த ஒரு கேள்விக்குத்தான் அவள் பயந்தாள்.

படம் போட்ட ஆரக்கிள் கார்டுகளைக் கலைத்து எடுத்துக் குறி சொல்வது அவள் தொழில். ஆனால் கல்யாணம் எப்போது கூடும், வேலை எப்போது கிடைக்கும் என்று கேட்டு வருகிறவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவாள். அவள் பார்ப்பது பயத்துக்கு மட்டும். மேனேஜரைக் கண்டால் வயிறு கலங்குகிறவர்கள், பல் டாக்டர் போர்டைப் பார்த்தால் தெருவையே மாற்றிக்கொண்டு போகிறவர்கள், மாமியாரிடம் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச வேண்டிய மருமகள்கள், அந்த மருமகளிடம் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டிய மாமியார்கள் என்று எல்லா ரகமும் வரும். பெரிய வீரமெல்லாம் யாருக்கும் வேண்டாம். நாளைக் காலையில் ஒரு காரியத்தைச் செய்து முடிக்கிற அளவுக்குத் தைரியம் வந்தால் போதும். அதைக் கொடுத்து அனுப்புவதில் அவள் கைராசிக்காரி என்று பெயர் வாங்கியிருந்தாள்.

கைராசிக்குப் பின்னால் ஒரு சின்னக் கைவேலை இருந்தது. கார்டுக் கட்டுக்குள் பாலம் படம் போட்ட கார்டு ஒன்று உண்டு. படத்துக்குக் கீழே ‘கடந்து போ’ என்று அச்சடித்திருக்கும். அதன் ஒரு மூலையில் நகத்தால் லேசாக ஒரு வெட்டுப் போட்டு வைத்திருந்தாள். கலைக்கும்போதே விரல் அதைக் கண்டுபிடித்துவிடும். முன்னால் எந்தக் கார்டு வந்தாலும் சரி, கடைசியில் பாலத்தை எடுத்துப் போட்டுத்தான் ஆளை எழுப்பி அனுப்புவாள். அழுதுகொண்டே வந்தவர்கள் சிரித்துக்கொண்டே போவார்கள். இதில் என்ன தப்பு இருக்கிறது என்று அவள் யோசித்ததே இல்லை, மடிப்பக்கா சாகிற வரைக்கும்.

“வாங்கம்மா, வாங்க. நல்லவேளை வந்தீங்க, எனக்குத் தலையே வெடிச்சிடும்போல இருக்கு” என்று சலவைக்கூடத்தின் சூப்பர்வைசர் படியருகிலேயே எதிர்கொண்டார். ஒல்லியான மனிதர். சட்டைப்பையில் பேனாக்கள் குத்தி நின்றன. “மேல வார்டுல விரிப்பு இல்லாம ஆபரேஷனையே தள்ளிப் போடறாங்க. இவங்க யாரும் லிஃப்ட் பக்கமே திரும்ப மாட்டேங்கறாங்க. புதுக் கயிறு போட்டாச்சு, கம்பெனிக்காரன் எல்லாம் சரியா இருக்குன்னு சொல்லிட்டுப் போயிட்டான். நான் சொன்னா காதுல ஏறல. நீங்க சொன்னா ஏறும்.”

“நான் சொன்னா எப்படி சார்?”

“இறந்துபோன மடிப்பக்கா உங்ககிட்டதான் வந்தாங்களாமே. உங்களைப் பத்தி அவ்வளவு நல்லா சொன்னாங்களாம். தப்பா எடுத்துக்காதீங்க, எனக்கு இந்தக் கார்டு சமாச்சாரத்துல எல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனா வேலை நடக்கணுமே.”

நல்லா சொன்னாங்களாம். அவள் துணிப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவர் பின்னால் படியிறங்கினாள்.

சலவைக்கூடம் கட்டடத்துக்கு அடியில், நிலவறையில் இருந்தது. வெளியே நல்ல வெயில். இரண்டு திருப்பம் இறங்கியதுமே வெயில் என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும்படி இருட்டு. குறுகலான படிகள், ஈரம் ஊறிய சுவர். சோடாவும் பிளீச்சிங் பவுடரும் வெந்த துணியும் கலந்த வாசனை மூக்கில் ஏறியது. அதற்கும் அடியில் வேறு ஏதோ ஒரு வாசனை, இரும்பைப் போல. கீழே ராட்சத மெஷின்கள் நிறுத்தப்பட்டிருந்தன. ட்யூப்லைட் ஒன்று அணைந்து அணைந்து எரிந்தது. கூடத்தின் கோடியில், சுவருக்குள் பதுங்கிய மாதிரி, கம்பிக் கதவு போட்ட சாமான் லிஃப்ட் இருந்தது. அதைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே அவள் அதைத்தான் முதலில் பார்த்தாள்.

மடிப்பக்கா இங்கே விரிப்பு மடிக்கிற வேலை பார்த்தவள். கை அவ்வளவு சுத்தம் என்பார்கள். ஆனால் பேச்சு என்று வந்தால் பாவம், எதிரில் இருப்பவர் வாயைத் திறந்தாலே தன் வார்த்தையைப் பாதியில் விழுங்கிவிடுவாள். ஒரு சாயங்காலம் கார்டுக்காரம்மாவிடம் வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

“எனக்கு லிஃப்ட்னா பயமா இருக்கும்மா. துணி வண்டியோட தினமும் அதுலதான் மேல போகணும். எல்லாரும் சிரிக்கிறாங்க. தங்கச்சிதான் உங்ககிட்டப் போயிட்டு வான்னு அனுப்பினா.”

கார்டுக்காரம்மா கலைத்து, எடுத்து, திருப்பினாள். பூட்டு வந்தது. இரும்புக் கேட், சங்கிலி, பெரிய பூட்டு, கீழே ‘நில்’ என்று ஒரே வார்த்தை. வெளியே இன்னும் ஆட்கள் காத்திருந்தார்கள். மழை வேறு வரப் பார்த்தது. அவள் அந்தக் கார்டை மற்ற கார்டுகளுக்கு அடியில் செருகினாள். மடிப்பக்கா அதைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

“லிஃப்ட் மேல போகும்போது ஒரு சத்தம் கேக்குதும்மா…”

“அது உங்க மனசுல கேக்குற சத்தம்” என்று கார்டுக்காரம்மா அவளை முடிக்க விடாமல் சொன்னாள். எத்தனையோ பேருக்குச் சொன்ன வசனம் அது, நாக்கு தானாகவே சொல்லிவிடும். விரல் வெட்டைத் தேடிப் பிடித்தது. பாலம். “பாத்தீங்களா, கடந்து போன்னு வந்திருக்கு. நாளைக்குக் கண்ணை மூடிக்கிட்டு ஏறுங்க. பயம் தானா இறங்கிப் போயிடும்.”

மடிப்பக்கா மறுபடி வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். தலையாட்டிவிட்டு எழுந்து போனாள்.

மறுநாள் காலை லிஃப்ட் அறுந்து விழுந்தது.

செய்தி வந்த அன்று கார்டுக்காரம்மா பூட்டுக் கார்டைத் தேடி எடுத்து, கத்தரிக்கோலால் துண்டு துண்டாக வெட்டித் தெருமுனைக் குப்பைத்தொட்டியில் போட்டாள். வண்டி வந்து தொட்டியைக் கவிழ்த்துக்கொண்டு போகிறவரைக்கும் ஜன்னலில் நின்று பார்த்தாள். யாருக்கும் தெரியாது. தெரிய வாய்ப்பும் இல்லை. ஆனால் அதற்கப்புறம் ஒரு வாய் சோறு ருசித்து இறங்கவில்லை. ‘நான் தள்ளிவிடவில்லையே’ என்று காலையில் சமாதானம் சொல்லிக்கொள்வாள். ‘தள்ளித்தான் விட்டாய்’ என்று மத்தியானத்துக்குள் மனசு பதில் சொல்லிவிடும்.

இப்போது நிலவறையில், துணி மடிக்கிற மேஜையை ஒதுக்கி, அதன்மேல் வெள்ளை விரிப்பு ஒன்றைப் போட்டு இடம் தயார் செய்திருந்தார்கள். சலவைக்கூடத்து ஆட்கள் சுவரோரமாக நின்றார்கள். யாரும் லிஃப்டுக்கு முதுகைக் காட்டி நிற்கவில்லை என்பதை அவள் கவனித்தாள்.

“சரி, ஒவ்வொருத்தரா வாங்க. முதல்ல புதுசா வந்தவங்க” என்றார் சூப்பர்வைசர்.

மடிப்பக்காவின் இடத்துக்கு அவள் செத்தபிறகு சேர்ந்தவள் அந்தப் பெண். பழைய ஆட்கள் யாரையும் அவளுக்கு இன்னும் சரியாகத் தெரியாது. வந்து உட்கார்ந்து, மேஜையோரத்தில் அடுக்கியிருந்த விரிப்புகளை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“அம்மா, ஒண்ணு கேக்கட்டுமா? இதையெல்லாம் நான் மடிக்கல.”

“யாரு மடிச்சது?”

“தெரியல. குவியலாப் போட்டுட்டு டீ குடிக்கப் போறேன். திரும்பி வந்தா மடிச்சு அடுக்கியிருக்கு. கேட்டா எல்லாரும் மூஞ்சியத் திருப்பிக்கறாங்க.”

கார்டுக்காரம்மா அந்த அடுக்கைப் பார்த்தாள். ஒவ்வொரு விரிப்பின் ஓரமும் உள்ளே செருகி, நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. சுவரோரம் நின்றவர்களில் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள்தான் மடிப்பக்காவின் தங்கை என்று கேட்காமலே தெரிந்தது. அதே நெற்றி, அதே முகவாய்.

வந்த வேலையை முடித்துவிட்டுக் கிளம்பிவிட வேண்டும். அவள் கார்டுகளைக் கலைத்தாள். விரல் மூலை வெட்டைக் கண்டுபிடித்ததும் மூச்சு கொஞ்சம் சீரானது. பாலத்தை உருவி மேஜையில் போட்டுத் திருப்பினாள்.

பூட்டு.

இரும்புக் கேட், சங்கிலி, ‘நில்’. கத்தரிக்கோல் பட்ட அடையாளம்கூட இல்லை. கார்டு ஈரமாக இருந்தது. விரலை எடுத்தபோது விரிப்பில் ஒரு ஈரவட்டம் பரவியது.

“என்னம்மா வந்திருக்கு?” என்றாள் புதியவள்.

“நல்லதுதான்” என்று கார்டுக்காரம்மாவின் வாய் சொன்னது. “கேட் பூட்டியிருக்கு பாருங்க. ஆபத்தெல்லாம் வெளியிலேயே நின்னுடும்னு அர்த்தம்.”

வெட்கம்கெட்ட வாய். அவளுக்கே தன்மேல் அருவருப்பு வந்தது. ஆனாலும் கார்டை அடியில் செருகிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

இஸ்திரிக்காரர் வந்தார். பெரிய தொப்பை, அதைவிடப் பெரிய மீசை. “எனக்கு பயமெல்லாம் கிடையாதும்மா” என்றார். “முட்டி வலி. அதனாலதான் லிஃப்ட்ல ஏற மாட்டேங்கறேன்.”

“முட்டி வலின்னா படியிலதானே ஏறக்கூடாது?” என்று யாரோ கேட்க, சுவரோரம் மெல்லிய சிரிப்பு எழுந்தது. அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணை மட்டும் லிஃப்ட் பக்கம் ஓட்டி எடுத்தார்.

கலைத்தாள். வெட்டைத் தேடினாள். இருந்தது. அடுத்த கார்டிலும் ஒரு வெட்டு இருந்தது. அதற்கடுத்ததிலும். நகத்தால் ஒவ்வொரு மூலையாகத் தடவிக்கொண்டே போனாள். கட்டு முழுவதும், எல்லாக் கார்டிலும், அவள் நகம் போட்ட அதே வெட்டு.

ஒன்றைத் திருப்பினாள். பூட்டு.

இன்னொன்று. பூட்டு.

இஸ்திரிக்காரரின் சிரிப்பு நின்றது.

லிஃப்டின் கம்பிக் கதவுக்கு உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று வந்து மேஜை விரிப்பின் ஓரத்தைத் தூக்கியது. இரும்பு வாசனை இப்போது பக்கத்திலேயே இருந்தது. அணைந்து எரிந்துகொண்டிருந்த ட்யூப்லைட் அணைந்தே போனது.

“வோல்டேஜ்” என்றார் சூப்பர்வைசர். யாரும் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். “தங்கச்சி, நீ வாம்மா. நீ ஏறிட்டா இவங்க எல்லாரும் ஏறிடுவாங்க.”

தங்கை வந்து உட்கார்ந்தாள். அக்காவைப் போல நாற்காலி நுனியில் இல்லை, நன்றாகவே உட்கார்ந்தாள். மேஜைமேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் பேசினாள்.

“நான்தான் அக்காவை உங்ககிட்ட அனுப்பினேன். லிஃப்டுக்குப் போய் இப்படிப் பயப்படறியேன்னு கேலி பண்ணினேன். அன்னிக்குக் காலையில ஏறும்போது என்னைப் பாத்துக் கையை ஆட்டினா. அப்புறம் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டா.”

கார்டுக்காரம்மாவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“எனக்குத் தூக்கம் வரலைம்மா. நான்தானே அவளைக் கொன்னேன். அதுக்குப் பரிகாரமா இன்னிக்கு நானே முதல்ல ஏறிடறேன். விழுந்தா விழட்டும். எனக்கு பயம் போகணும், அவ்வளவுதான். தனக்குப் பாலம் கார்டு வந்துச்சுன்னு அக்கா சொன்னா. அதை எடுத்துக் குடுங்க.”

இப்போது கார்டுக்காரம்மா செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. ‘போ’ என்று ஒரு வார்த்தை. அந்தப் பெண் எழுந்து போய் ஏறிவிடுவாள். லிஃப்ட் சரியாகவே இருக்கலாம். புதுக் கயிறு, கம்பெனிக்காரன் பார்த்துவிட்டான். பழி யார் தலையிலும் விழாது. தொழிலும் போகாது. இத்தனை நாள் ஊருக்கெல்லாம் எடுத்துக் கொடுத்த தைரியத்தில் தனக்கென்று ஒரு துளிகூட மிச்சமில்லை என்பது அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது.

கை தானாகக் கார்டுக் கட்டை நோக்கிப் போனது.

காதருகில் ஒரு மூச்சு பட்டது. சோடா வாசனை அடித்தது.

“சத்தம் கேக்குதும்மா…”

மெல்லிய குரல். பாதியில் விழுங்கிவிடுகிற குரல்.

பின்னால் சுவர். அவள் நாற்காலிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் நிற்க இடமில்லை.

“சத்தம் கேக்குதும்மா. லிஃப்ட் மேல…”

அங்கேயே நின்றது. ஒவ்வொரு முறையும் அங்கேதான் நின்றது. கார்டுக்காரம்மா அன்றைக்குப் பேச்சை வெட்டிய இடத்தில்.

கார்டுக்காரம்மா கார்டுக் கட்டை மேஜையில் கவிழ்த்து வைத்தாள். குரல் நடுங்கியது. இருந்தாலும் எல்லோருக்கும் கேட்கும்படிதான் பேசினாள்.

“நீ ஏறாதே. உங்க அக்காவைக் கொன்னது நீ இல்ல, நான். அவங்களுக்கு வந்த கார்டு பாலம் இல்ல. நில்லுன்னுதான் வந்தது. நான் அதை மறைச்சிட்டு, வேணும்னே பாலத்தை எடுத்துக் குடுத்தேன். எல்லாருக்கும் அதைத்தான் குடுப்பேன். மூலையில அடையாளம் போட்டு வெச்சிருக்கேன்.”

எங்கேயோ குழாயில் நீர் சொட்டியது.

தங்கை கத்தவில்லை. அடிக்கவும் இல்லை. அடித்திருந்தால் தேவலை என்று கார்டுக்காரம்மாவுக்கு இருந்தது.

“கார்டு கிடக்கட்டும். ஏதோ சத்தம் கேக்குதுன்னு என்கிட்டயும் ஒரு தடவை சொல்ல வந்தா” என்றாள் தங்கை. “நான் சிரிச்சுட்டேன். உங்ககிட்ட என்ன சத்தம்னு சொன்னாளா?”

“சொல்ல வந்தாங்க. நான் விடல.”

“மன்னிச்சிட்டேன்னு சொல்வேன்னு எதிர்பார்க்காதீங்க” என்றாள் தங்கை. “என்னையே நான் மன்னிக்கல.”

“ஏம்மா, உங்களை எதுக்குக் கூப்பிட்டா நீங்க என்ன பேசறீங்க?” சூப்பர்வைசர் குறுக்கே வந்தார். முகம் சிவந்துவிட்டது. “இருக்கிற பயம் பத்தாதுன்னு நீங்க வேற ஏத்தி விடறீங்களா? இதோ பாருங்க, எல்லாரும் நல்லாப் பாருங்க.”

குவியலாகக் கிடந்த விரிப்புகளை இரண்டு கையாலும் அள்ளி ஒரு தள்ளுவண்டியில் திணித்தார். வண்டியை லிஃப்டுக்குள் தள்ளிக் கம்பிக் கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் பொத்தானை அழுத்தினார். லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கிக்கொண்டு மேலே கிளம்பியது.

மெஷின்கள் ஓடவில்லை. எப்போதும் இரைச்சலாக இருக்கும் அந்தக் கூடத்தில் லிஃப்ட் போவதை எல்லோரும் முதல்தடவையாகக் காதுகொடுத்துக் கேட்டார்கள்.

முதல் மாடி தாண்டியது.

அப்புறம் கேட்டது.

கறக்… கறக்… என்று, உச்சியில் எங்கேயோ, மணலை வாயில் போட்டு மெல்கிற மாதிரி. கொஞ்சம் நின்றது. மறுபடி கறக்.

“இதான்” என்றார் இஸ்திரிக்காரர் மெதுவாக. “இந்தச் சத்தம் எனக்கும் கேட்டிருக்கு.”

“எனக்கும்” என்றாள் மெஷின் பக்கம் நின்ற ஒருத்தி. “பிரமைன்னு நெனச்சேன்.”

“நான் வீட்டுல சொன்னேன், சிரிச்சாங்க.”

ஒவ்வொருவராகச் சொன்னார்கள். எல்லோருக்கும் கேட்டிருந்தது. எல்லோரும் தனித்தனியாகப் பயந்து, தனித்தனியாக வெட்கப்பட்டு, வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். கயிறு புதுசு. சத்தம் பழைய சத்தம்தான்.

லிஃப்ட் மேலே போய் நின்று, திரும்பி இறங்க ஆரம்பித்தது. கறக்… கறக்… அந்தச் சத்தத்துக்கு நடுவே இன்னொரு சத்தமும் இறங்கி வந்தது. துணியை உதறுகிற சத்தம். பட், பட் என்று இரண்டு உதறல். பிறகு உள்ளங்கையால் நீவிவிடுகிற சரசரப்பு.

தங்கை எழுந்து நின்றாள்.

லிஃப்ட் வந்து நின்றது. உள்ளே ஆள் இல்லை. வண்டியில் சூப்பர்வைசர் அள்ளித் திணித்த விரிப்புகள், ஓரம் உள்ளே செருகி, நேர்க்கோடாக அடுக்கியிருந்தன. மேல் விரிப்பில் கை நீவிய தடம் ஈரமாக இருந்தது.

சூப்பர்வைசர் கம்பிக் கதவைப் பிடித்தபடி நின்றார். சட்டைப்பைப் பேனாக்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. அவர் நடுங்குகிறார் என்பது அதிலிருந்துதான் தெரிந்தது. யாரையும் பார்க்காமல் பேசினார்.

“எனக்கும் கேட்டுச்சு. முன்னாடியே. மேல சொன்னா வேலையை நிறுத்திடுவாங்கன்னு சும்மா இருந்துட்டேன். இந்தத் தடவையும் கம்பெனிக்காரன்கிட்ட கயிறைப் பத்தித்தான் பேசினேன், சத்தத்தைப் பத்தி வாயைத் திறக்கல.”

போய் ஒரு சங்கிலியைக் கொண்டுவந்து கம்பிக் கதவில் சுற்றிப் பூட்டுப் போட்டார். “உச்சியில இருக்கற மெஷினைப் பிரிச்சுப் பாக்காம யாரும் இதைத் தொடக்கூடாது. மேல கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்.” பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அங்கிருந்ததிலேயே பெரிய மூட்டையைத் தோளில் ஏற்றினார். அந்த ஒல்லி உடம்பு ஒருபக்கம் சாய்ந்தது. “வாங்க, படியிலயே போவோம். எத்தனை நடை ஆகுதோ ஆகட்டும்.”

“முட்டி வலி சார்” என்றார் இஸ்திரிக்காரர். சொல்லிவிட்டு அவரும் ஒன்றைத் தூக்கிக்கொண்டார்.

கார்டுக்காரம்மா பெட்டியை மேஜையிலேயே விட்டாள். அதைத் திரும்பத் தொடுகிற எண்ணம் அவளுக்கு இல்லை. இங்கே அவளுக்கு இனி வேலையும் இல்லை, போய்விடலாம். யாரும் போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. வார்டில் விரிப்பில்லாமல் யாரோ படுத்திருக்கிறார்கள் என்பது மட்டும் ஞாபகம் வந்தது. குனிந்து ஒரு மூட்டையை எடுத்தாள். தங்கை அவளைக் கடந்து போகும்போது ஒரு கணம் நின்றாள். மூட்டையின் முடிச்சை இழுத்து இறுக்கிவிட்டுப் போனாள்.

எல்லோரும் முன்னால் ஏறினார்கள். கூடம் காலியானது. கார்டுக்காரம்மாதான் கடைசி.

மூட்டையின் கனம் தெரியாமல் தூக்கிவிட்டாள். முதல் திருப்பத்திலேயே மூச்சு வாங்கியது. மூட்டை முதுகை இழுத்தது, கைவிரல்கள் வெளிறிப்போயின. விழுந்துவிடுவோம், பெட்டியைப் போல இதையும் போட்டுவிட்டுத் திரும்பிவிடலாம் என்று தோன்றியது. கீழே இருட்டு. மேலே போகிறவர்களின் காலடிச் சத்தம் தூரமாகிக்கொண்டிருந்தது. சுவரில் சாய்ந்து ஒரு நிமிஷம் நின்றாள்.

மூட்டை லேசாயிற்று.

அவள் தூக்கவில்லை. அடியிலிருந்து யாரோ தாங்கினார்கள். பாரம் பாதியாகக் குறைந்து, முதுகை விட்டுக் கொஞ்சம் எழும்பி நின்றது. அடுத்த படியில் கால் வைத்தாள். அதுவும் கூடவே ஏறியது. பின்னால் காலடிச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. பின்கழுத்தில் மட்டும் ஒரு ஈரக்காற்று வந்து வந்து போனது.

மேல்திருப்பத்தில் புதியவள் தன் மூட்டையைக் கைப்பிடியில் சாய்த்துவிட்டு இளைப்பாறிக்கொண்டிருந்தாள். எட்டிக் கீழே பார்த்தாள். முகத்தில் பயம் ஏதும் இல்லை. பாதி சலிப்பு, பாதி கேலி.

“ஏம்மா, அது ஒருத்தர் தூக்கற மூட்டைதானே. அந்த அக்காவுக்கு வேற வேலை இல்லையா, எதுக்கு ரெண்டு பேரு?”

ஓடிவிடு என்று கார்டுக்காரம்மாவின் உடம்பு முழுவதும் சொன்னது. மூட்டையை விட்டுவிட்டு ஏறி ஓடினால் இன்னும் கொஞ்ச தூரத்தில் வெயில் இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள்.

அவள் ஓடவில்லை. பிடியை மட்டும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டாள்.

“இருக்கட்டும்மா. அவங்க வரட்டும்” என்று மேலே பார்த்துச் சொன்னாள். புதியவள் தோளைக் குலுக்கிவிட்டுத் தன் மூட்டையோடு ஏறிப் போய்விட்டாள். அவள் போகிறவரைக்கும் காத்திருந்துவிட்டு, தலையைத் திருப்பாமல், உதடு மட்டும் அசையும் குரலில் கார்டுக்காரம்மா பின்னால் இருப்பவளிடம் பேசினாள்.

“சொல்லுங்க. இன்னிக்கு நான் குறுக்கே பேசல.”

பின்கழுத்துக்கு மிக அருகில், நீண்டநாள் பேசாமலிருந்த ஒருத்தி தொண்டையைச் செருமிக்கொண்டாள்.